நேசையன் அச்சன்மேல் ஆறாம் வகை ஆணை

என் மகள் அஜிஷாவின் கல்யாணம் ஆகஸ்டு மாதம் நடந்தது. நானூறு பேர் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எனக்குத் தலைகுனிவுகூட ஆயிற்று. அக்டோபரில் பேராயத்திலிருந்து ஒரு தபால் வந்தது. கல்யாணம் நடக்கவில்லை என்றது.

நான் முப்பது வருஷம் அரசு பஸ்சில் கண்டக்டராக இருந்தவன். எனக்குத் தெரிந்தவரை ஆள் ஏறினால் ஏறினதுதான், இறங்கினால் இறங்கினதுதான். அமரவிளையில் இறங்கி, வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டு உறங்கின மனுஷனை எழுப்பி, நீ பஸ்சில் ஏறவே இல்லை என்று சொல்லும் வித்தை எங்கள் டிப்போவில் யாருக்கும் தெரியாது. அதைத் திருச்சபையில் வந்துதான் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கமுடியாமல் மாங்குழிவிளைச் சபைக்குச் செயலாளர் ஆனேன். கேரள எல்லையோரம் அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில், ஹைவேயிலிருந்து உள்ளே ஒரு மைல் போனால் எங்கள் கோயில். காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் மலையாள ஆராதனை. இரண்டுக்கும் ஒரே அச்சன்.

பேராயத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்வதற்கும் ஏதாவது விதி இருக்கும். எங்கள் முன்னோருக்கு வேதம் சொல்லிக்கொடுத்த மிஷனரிமாருக்குப் பேராயரே கிடையாது. பிற்பாடு சபைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது பேராயர் வந்தார், அவரோடு ஆங்கிலிக்கன் சட்டப் புத்தகமும் வந்தது. அது வெகுகாலம் பெட்டியில் பூச்சி அரித்துக் கிடந்தது. இப்போதைய பேராயர் அதை வெளியே எடுத்துத் தூசி தட்டி, தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, சபைக்கு இரண்டு பிரதி அனுப்பினார்.

குருமார்மேல் பிறப்பிக்கத்தக்க ஆணைகள் அதில் ஆறு வகை. முதலாவது அறிவுறுத்தல்: இனிமேல் செய்யாதே. இரண்டாவது கண்டனம்: ஏன் செய்தாய். மூன்றாவது நிபந்தனைத் தண்டனை: இன்னொரு தடவை செய்து பார். நான்காவது தடையாணை: எதையுமே செய்யாதே. ஐந்தாவது பதவி நீக்கம். ஆறாவது பட்டப்பறிப்பு, அதாவது தலையில் கைவைத்துக் கொடுத்த குருப்பட்டத்தையே திரும்ப வாங்கிக்கொள்வது. எங்கள் வட்டாரத்து அச்சன்மார் பதினோரு பேரில் இந்த ஆறில் ஒன்றையும் வாங்காதவர் எங்கள் நேசையன் அச்சன் மட்டும்தான். அதனாலேயே பிஷப் ஹவுசில் அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்துவந்தது.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கட்டிய சபை மண்டபத்தைப் பிரதிஷ்டை பண்ணப் பேராயர் வந்தார். பேராயரை எப்படி வரவேற்பது என்பதற்குப் புத்தகத்தில் நான்கு பக்கம் உண்டு. முத்துக்குடை பன்னிரண்டு, கேட்டிலிருந்து கோயில் வாசல்வரை சிங்காரிமேளம், இரண்டு பக்கமும் சிறுபிள்ளைகள் பூத்தட்டோடு. எல்லாம் ஏற்பாடு பண்ணியிருந்தோம். அன்று காலை ஏழு மணிக்குக் கோயில் மதிலுக்கு அடுத்த வீட்டில் ராஜன் இறந்துபோனார். தையல்கடை வைத்திருந்தவர், எங்கள் பாடகர் குழுவுக்கு அங்கியெல்லாம் அவர் தைத்ததுதான். முற்றத்தில் உடலைக் கிடத்தி விளக்கு வைத்திருந்தார்கள். அவர் மனைவி விஜயம்மா அழுவது கோயிலுக்குள் கேட்டது. எட்டரை மணிக்கு மேளக்காரர்கள் தோளில் செண்டையை மாட்டினபோது நேசையன் அச்சன் போய், வேண்டாம் மக்களே, ஒரு மனுஷன் கிடக்கிறார் என்றார். அவர்கள் உடனே இறக்கிவைத்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் ராஜனுக்குச் சொந்தக்காரர்கள்.

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. பேராயர் இறங்கினார். குடைகள் விரிந்தன. கேட்டிலிருந்து கோயில் வாசல் நூற்றியிருபது அடி. அவ்வளவு தூரத்தையும் தம் செருப்புச் சத்தத்தைத் தாமே கேட்டுக்கொண்டு நடந்தார். அச்சன் பக்கத்தில் போய்க் காரணத்தைச் சொன்னார். பேராயர் புன்னகையோடு தலையசைத்தார். மண்டபத்தைப் பிரதிஷ்டை பண்ணினார், தாழ்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினார், பொன்னாடை வாங்கினார், மீன்கறி நன்றாக இருக்கிறது என்றார், போனார். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

ஆகஸ்டில் அஜிஷாவின் கல்யாணம். மாப்பிள்ளை எபின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரு மாத லீவில் வந்தவன் செப்டம்பரில் திரும்பிப் போனான். கம்பெனியில் அவனுக்குக் குடும்பத்தோடு தங்க ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். நவம்பர் முப்பதாம் தேதிக்குள் பேராயம் தரும் கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் வீடும் அஜிஷாவுக்கு விசாவும் கிடைக்கும். தவறினால் இரண்டும் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த முறை எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்டோபரில் அஜிஷாவுக்கு வாந்தி தொடங்கியது. பாறசாலை ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா சிரித்தார். பிரசவத்துக்குப் புருஷன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே ஆசை. ஜனவரிக்குள் விமானம் ஏறிவிடலாம் என்று நாங்களும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி பேராயத்து பியூன் ஒரு நீளக் கவரோடு வந்தான். நான் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே நேசையன் அச்சன்மேல் நான்காம் வகை ஆணை. "பேராயரது திருப்பதவிக்கு உரிய வாத்திய முழக்கத்தை முன்னனுமதியின்றி நிறுத்தியமைக்காக, மேற்படியார் ஜூலை இருபத்தேழாம் தேதி முதற்கொண்டு குருத்துவப் பணி யாதொன்றும் ஆற்றலாகாது, ஆற்றினும் அது ஆற்றப்பட்டதாகாது" என்றிருந்தது. பேராயர் அன்றைக்கே காரில் போகும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு ஒன்பது கமிட்டிகள் முத்திரை வைக்கவேண்டியிருந்தது. ஓணம் வந்தது, ஒரு கமிட்டித் தலைவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஆணை வீடு வந்து சேரப் பன்னிரண்டு வாரம் ஆயிற்று.

இந்தப் பன்னிரண்டு வாரத்தில் அச்சன் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார், ஒரு கல்யாணம் நடத்தியிருந்தார், ஒருவரை அடக்கம் பண்ணியிருந்தார். நடுவில் இருப்பது என் மகள்.

பிஷப் ஹவுசுக்குப் போனேன். பதிவாளர் வினீத் என்று ஒரு வக்கீல். சின்ன வயது, நல்ல மரியாதை, என்னை உட்காரச் சொல்லித் தம் கையால் ஃபேன் போட்டார். நான் தபால் பிந்தி வந்த கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாரே, ஆணை பிந்திப் போகாது" என்றார். "ஆணை ஜூலையிலேயே உண்டு. நீங்களாக்கும் அதுக்க பக்கத்தில வர தாமசிச்சது."

"அப்பம் எனக்க மகளுக்க கல்யாணம்?"

"சாப்பாடு நடந்ததைப் பேராயம் மறுக்கல்ல."

சரி, வேறொரு அச்சனை வைத்து மறுபடியும் நடத்திவிடுகிறோம், ஐந்து நிமிஷ வேலை என்றேன். அது முடியாதாம். கல்யாணப் பதிவேட்டில் இவர்கள் பெயர் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, பதிவேட்டின்படி கல்யாணமானவர்களுக்கு மறுபடி கல்யாணம் செய்தால் அது பெரிய குற்றம். பதிவை அடித்துவிடலாமே என்றேன். எழுதின குருவானவர்தான் அடிக்கவேண்டும், அவருக்குத் தடை இருக்கிறது, அடிக்கக்கூடாது. பஞ்சாயத்தில் பதிவு செய்யலாம் என்றால் அவர்கள் கோயில் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஆகப் பேராயத்தின் பார்வையில் என் மகள் கல்யாணம் ஆனவளும் இல்லை, இனி ஆகக்கூடியவளும் இல்லை. அவள் வயிற்றில் இருப்பதைப் பற்றி நான் சொன்னதும் வினீத் பேனாவை மூடிவைத்துவிட்டு, அதற்கு இப்போதைக்குக் கோப்பு திறக்க வேண்டாம் என்று அபிப்பிராயப்பட்டார். விசாரணை முடியும்வரை தம்பதிகள் சகோதர சகோதரியாக இருப்பது நல்லது என்றார். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறான் என்றேன். அப்படியானால் போனில் பேசலாம், வீடியோ கால் வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அஜிஷா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "அப்பா, நான் கல்யாணம் களிஞ்சவளா இல்லியான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொன்னேன். அதுக்கு இம்புட்டு நேரமா?" என்றாள். என் மனைவி ஷீனா உள்ளே போய் அழுதாள்.  நாற்பது நாளில் அந்த ஒரு காகிதம் வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் நேசையன் அச்சன் தடையாணைக்குக் கீழே வாழப் பழகிக்கொண்டிருந்தார். அது நினைத்த அளவு லேசாக இல்லை. முதல் வாரம் ஒரு சந்தேகம் வந்தது: சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கலாமா? அச்சன் நேர்மையான மனுஷன், எழுதிக் கேட்டார். அவர் எழுதாமலே இருந்திருக்கலாம். விளக்கக் கமிட்டி கூடி, மூன்று பேர் கூடுமிடம் சபையாகக் கருதப்படும், இரண்டு பேர் வரை ஜெபிக்கலாம் என்று பதில் கொடுத்தது. வீட்டில் அச்சனும் அவர் மனைவி குமாரியும் மட்டும்தான், ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் நான் போனால் மூன்றாகிவிடும். அதனால் குமாரியக்கா தோசை சுட்டுவைத்தபிறகு நான் எழுந்து வெளியே போய் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் நிற்பேன். அவர்கள் ஜெபித்து முடித்து என்னைக் கூப்பிடுவார்கள். தோசை ஆறியிருக்கும்.

பிறகு ஒரு கண்காணிப்புக் குழு போட்டார்கள். இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு நோட்டு. அச்சன் பஸ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். உறங்கினேன் என்று அச்சன் விளக்கம் எழுதினார். உதடு அசைந்ததே என்று மறுவிளக்கம் கேட்டார்கள். அதன்பிறகு அவர் பஸ்சில் உட்காராமல், கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். அறுபதை எட்டப்போகிற மனுஷன், சர்க்கரை வியாதிக்காரர், நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை நின்றுகொண்டே கண்ணை விழித்துவருவதை நான் பார்த்தேன்.  

நவம்பர் முதல் வாரத்தில் விசாரணைக் குழு ஊருக்கு வந்தது. மூன்று பேர், தலைவர் ஒரு மூத்த அச்சன். முதலில் ஞானஸ்நானம். குழந்தை பொழியூரில் இருந்தது, தாய் சிஜி. கடல் ஏறி வீட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் பள்ளிக்கூடத்து முகாமில் தங்கியிருந்தார்கள். தலைவர் போய், உங்கள் பிள்ளையின் ஞானஸ்நானம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார். சிஜி, "செரி அச்சோ, நிறுத்தியதை எல்லாம் ஒரு பக்கமா வையுங்க, பாய் விரிக்க எடம் வேணும்" என்றாளாம். அவள் ஒத்துழைப்பைக் குழு பதிவு செய்தது.

பிறகு கல்லறைத் தோட்டம். செப்டம்பரில் அடக்கம் பண்ணப்பட்டவர் தங்கபாய் அக்காவின் கணவர். அவரைக் குழியில் வைத்தது சரி, ஆனால் சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொல்லத் தகுதியில்லாதவர் சொல்லிவிட்டதால் அடக்கம் முழுமை பெறவில்லை என்று தலைவர் விளக்கினார். திரும்ப எடுத்து வைக்கவேண்டுமா, மேலே நின்று சொன்னால் கீழே போய்ச் சேருமா என்று குழுவுக்குள் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. ஒருவர் டேப் பிடித்து ஆழம் எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். தங்கபாய் அக்கா இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷன் ஜீவனோட இருந்தப்பம் ஒரு நாளு ஒரு எடத்துல அடங்கி இருந்ததில்ல" என்றாள். "இப்பமாக்கும் இருக்கியாரு. தோண்டி அனக்கப்பிடாது."

குழு வேறு வழியில்லாமல், "அடக்கம்: நிலுவையில்" என்று ஒரு தகரப் பலகை எழுதிக் குழிமேட்டில் நட்டுவிட்டுப் போனது. அக்கா மறுநாள் அதைப் பிடுங்கிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்தாள். அது தனிக் கோப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் இருபதாம் தேதி பிஷப் ஹவுசில் இறுதி விசாரணை. நானும் அச்சனும் காலையிலேயே ஒரே பஸ்சில் போனோம். பெரிய மேஜை, மேலே சிவப்பு வெல்வெட், நடுவில் பேராயர், அவருக்கு இரண்டு பக்கமும் குழு. வினீத் புத்தகத்தோடு நின்றார். பத்து நாள்தான் பாக்கி. எபின் இரவும் பகலும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். என் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.

பேராயர் முதலில் பேசினார். அவர் குரல் நல்ல குரல், அதை நான் மறுக்கமாட்டேன்.

"எனக்கு மேளத்தில் ஆசை கிடையாது" என்றார். "நான் ஒரு ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. சத்தம் கேட்டாலே எனக்குத் தலைவலி. ஆனால் அந்த மேளம் எனக்கல்ல, இந்தப் பதவிக்கு. அன்றைக்கு நூற்றியிருபது அடி நடந்தபோது நான் வருத்தப்படவில்லை. பதவி வருத்தப்பட்டது. நான் இரண்டு இரவு உறங்கவில்லை என்றால் அது பதவிக்காக. இறந்தவர்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. அவர் முன்கூட்டி நம் நிகழ்ச்சிநிரலைக் கவனித்திருக்கலாம் என்று மட்டும் சொல்வேன். ஒரு மரணத்துக்காக மேளம் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு எந்த ஊரில்தான் மனுஷர் சாகவில்லை? பேராயர்கள் பிறகு எப்படி நடப்பது?"

குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வினீத் சட்டத்தை விளக்கினார். ஆணை பிறந்தது அச்சனுக்கு ஜூலையில் தெரியாது என்றால், தெரியாமல் நடந்த காரியங்களை என்ன செய்வது என்று புத்தகத்தில் எழுதவில்லை. ஏனென்றால் பேராயத்தின் ஆணை தெரியாமல் இருக்காது என்பதே புத்தகத்தின் நம்பிக்கை. ஆகவே ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் இப்படியே நிற்கும், எத்தனை வருஷம் என்று சொல்லமுடியாது. ஆனால் தெரிந்தும் வேண்டுமென்றே மீறினார் என்றால் அறுபத்தோராம் பிரிவு இருக்கிறது. கீழ்ப்படியாத குரு செய்த காரியங்களைப் பேராயர் தம் கருணையினால் உறுதிப்படுத்தலாம், சான்றிதழும் கொடுக்கலாம். குருவுக்கு மட்டும் ஆறாம் வகை ஆணை.

"அப்பம் தெரியாமச் செய்தா பிள்ளையளுக்குத் தண்டனை, தெரிஞ்சு செய்தா எனக்குத் தண்டனை. அப்படித்தானே?" என்று அச்சன் கேட்டார்.

வினீத் சந்தோஷப்பட்டார். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்றார்.

அச்சன் உடனே, எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன் என்றார். அது போதாதாம். குற்றவாளி தன்னைப் பற்றிச் சொல்வதைத் திருச்சபை அப்படியே நம்பிவிடாது. ஒரு சாட்சி வேண்டும். ஜூலை இருபத்தேழாம் தேதி ஆணையை அச்சன் கையில் கொடுத்தேன் என்று சபைச் செயலாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அக்டோபர் பதினெட்டு என்று நான் தேதி போட்ட ரசீது என்னாயிற்று என்று கேட்டேன். அது கிடைக்கவில்லை என்றார் வினீத். கேட்டபோது அவர் அந்த ஃபைலின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் யோசித்துவர ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். என்னால் முடியாது என்றேன். அந்த மனுஷர் எனக்குச் செய்ததற்கு, என் அம்மா படுக்கையில் கிடந்த மூன்று மாசமும் தினம் சாயங்காலம் மழையானாலும் சைக்கிளில் வந்ததற்கு, நான் இப்படி எழுதிக்கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது என்றேன். அச்சன் தூணில் சாய்ந்து நின்றார். ரொம்பச் சோர்ந்திருந்தார்.

"எலே சத்தியராஜ், எனக்கு இன்னும் ஒரு வருஷமாக்கும் ரிட்டயர்டுக்கு" என்றார். "ஒனக்க பேரப்பிள்ளைக்கு இன்னும் ஆயுசு முழுசும் கெடக்கு. போட்டுக் குடு மக்கா. எனக்குக் காலு வலிக்குது, நின்னு நின்னு."

உள்ளே போய்ப் போட்டேன். தேதி ஜூலை இருபத்தேழு. முப்பது வருஷம் ஒரு டிக்கெட்டில்கூடப் பொய் குத்தாத கை. பேராயர் எழுந்துவந்து என் தோளைத் தட்டி, சத்தியத்துக்குச் சாட்சி நிற்பவர்கள் இந்தக் காலத்தில் குறைந்துபோனார்கள் என்றார். நான் நன்றி சொன்னேன். சொல்லியும் தொலைத்தேன்.

ஆணை நவம்பர் முப்பதாம் தேதி ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன் வாசிக்கப்படும் என்றார்கள். வாசிக்கவேண்டியது செயலாளர். அன்றைக்குத்தான் எபினுக்குக் கடைசி நாள். மஸ்கட்டில் ஞாயிறு வேலைநாள், நாலு மணிவரை ஆபீஸ் திறந்திருக்கும். எபின் மனிதவளத்துறை மேஜை முன்னால் உட்கார்ந்தே இருப்பதாகச் செய்தி அனுப்பினான்.

கோயில் நிறைந்திருந்தது. தமிழ்க் கூட்டமும் மலையாளக் கூட்டமும் அன்று ஒன்றாக வந்திருந்தன. மூன்றாவது பெஞ்சில் ஷீனாவும் அஜிஷாவும். நேசையன் அச்சன் வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்து, குமாரியக்காவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோயிலில் அந்த இடத்திலிருந்து பீடம் எப்படித் தெரியும் என்று அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். வினீத் முன்வரிசையில் ஒரு நீலக் கவரை மடியில் வைத்திருந்தார். உள்ளே சான்றிதழ்.

நான் வாசித்தேன். நான்கு பக்கம். "கீழ்ப்படியாமை எனும் பாவத்தில் துணிந்து நடந்தமையால்" என்ற இடத்தை வேகமாகத் தாண்டினேன்.  "இன்று முதல் இவர் குருவானவர் அல்லர், சபையில் சாதாரண அங்கத்தினரே" என்று முடிந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு இருந்தது, அதையும் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். வாசித்து முடிந்ததும் சபையார் எழுந்து நின்று ஆமென் சொல்லவேண்டும். ஆமென் சொன்ன நிமிஷத்திலிருந்து ஆணை அமலுக்கு வரும்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கேட்கவில்லையோ என்று வினீத் கண்ணைக் காட்டினார். நான் குறிப்பைத் திரும்ப வாசித்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. முந்நூறு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவன் கைகட்டிக்கொண்டான். வாழ்நாளெல்லாம் எதற்கும் ஆமென் சொல்லிப் பழகின ஜனம், அன்று வாயைப் பூட்டிக்கொண்டது. அவர்கள்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. அதேநேரம் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். வினீத் எழுந்து என் பக்கத்தில் வந்து, ஆமென் இல்லையென்றால் ஆணை இல்லை, ஆணை இல்லையென்றால் உறுதிப்படுத்தல் இல்லை, கவரைத் திருப்பிக் கொண்டுபோகவேண்டியதாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். வாசிப்பவர் சொல்லும் ஆமென் செல்லுமா என்று கேட்டேன். செல்லாது என்றார். அஜிஷாவைப் பார்த்தேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. அவளும் சொல்லமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

வினீத் கவரைப் பைக்குள் வைக்கப்போனார். அப்போது பின்னாலிருந்து, "ஆமென்" என்று ஒரு குரல் கேட்டது. தெளிவான குரல், எங்கள் எல்லோருக்கும் பழகின குரல். திரும்பிப் பார்த்தோம். கடைசி பெஞ்சில் நேசையன் அச்சன் எழுந்து நின்றிருந்தார்.

வினீத் பதறிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். எதிர்த்தரப்பு தன்மேல் வந்த ஆணைக்குத் தானே ஆமென் சொல்லலாமா என்று அதில் இல்லை. ஆணை அமலுக்கு வந்தால்தான் அவர் சாதாரண அங்கத்தினர், சாதாரண அங்கத்தினர் சொன்னால்தான் ஆணை அமலுக்கு வரும், இதில் எது முதலில் என்று அவர் பாவம் வாய்விட்டே யோசித்தார். அச்சன் பெஞ்சைப் பிடித்துப் பிடித்து நடுவழியே முன்னால் நடந்துவந்தார். அவர் வரவர ஒவ்வொரு பெஞ்சாக ஜனங்கள் எழுந்து நின்றார்கள். வினீத்துக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"சபையாரு எழும்பியாச்சு, ஆமென்னும் சொல்லியாச்சு" என்றார். "பிள்ளைக்க காயிதத்தைக் குடுங்க."

வினீத் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு, கவரைக் கொடுத்தார்.